கிறிஸ்துமஸுக்கு முந்திரி பனிப்பந்து பிஸ்கட்

டிசம்பரிலும் சென்னைக் காற்றில் ஈரம் குறையாது. வெண்ணெய் சட்டென்று இளகிவிடும், சர்க்கரை கசியும். இந்த பிஸ்கட்டில் கெடுவதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டால்தான்.

உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், பொடித்த சர்க்கரை 60 கிராம் (கடைசியில் புரட்டத் தனியாகவும் கொஞ்சம்), மைதா 250 கிராம், முந்திரி 100 கிராம், வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. சுமார் 30 உருண்டை வரும்.

முந்திரியை வறுத்து, முழுசாக ஆறவிட்டு, மிக்ஸியில் விட்டு விட்டு ரவை போலப் பொடிக்கவும். சூட்டோடு அரைத்தால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும்.

வெண்ணெய் விரல் வைத்தால் பள்ளம் விழும் பதத்தில் இருக்கட்டும், உருகக் கூடாது. சர்க்கரை, எசென்ஸ் சேர்த்துக் குழைத்து, மைதா, உப்பு, முந்திரியைக் கலக்கவும். அழுத்திப் பிசைய வேண்டாம், கடினமாகும். 20 கிராம் உருண்டைகளாக்கி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இதைத் தவிர்த்தால் அடுப்பில் அடைபோலப் பரவிவிடும்.

முன்சூடேற்றிய ஓவனில் 175 டிகிரியில் 14–16 நிமிடம். மேலே வெளுப்பாகவும் அடியில் மட்டும் லேசான பொன்னிறமாகவும் இருந்தால் எடுத்துவிடலாம். அப்போது தொட்டால் உடையும். தட்டிலேயே 7 நிமிடம் விடவும்.

வெதுவெதுப்பாக இருக்கும்போது சலித்த பொடிச் சர்க்கரையில் ஒரு முறை புரட்டுங்கள். இந்தப் பூச்சு கொஞ்சம் ஈரமாகத்தான் தெரியும், அதுதான் பசை. நன்றாக ஆறியபின் மறுமுறை புரட்டினால் வெள்ளை நிற்கும். மிக்ஸியில் பொடித்த சர்க்கரை என்றால் ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளோர் கலந்துகொள்ளுங்கள். துளி சூடு இருக்கும்போது டப்பாவை மூடாதீர்கள்.