அறிவியல் சங்கத்தின் வேலைவாய்ப்புச் சேவை: உறுப்பினர்கள் செய்யும் தவறுகள்

அறிவியல் சங்கங்களில் உறுப்பினராக இருக்கிற பலருக்கு, சங்கம் வேலை தேடவும் உதவும் என்பது வேலை போன பிறகுதான் நினைவுக்கு வருகிறது. அதற்குள் சந்தா காலாவதியாகியிருக்கும். பல சங்கங்களில் வேலை இல்லாதவர்களுக்குச் சந்தாச் சலுகை உண்டு. சந்தாவை நிறுத்துவதற்கு முன் அதை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, விளம்பரப் பட்டியலைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவது. அந்த விளம்பரங்களில் பலவற்றை வெளியிலும் பார்க்கலாம். உறுப்பினருக்கென்றே இருப்பது ஆலோசகரின் நேரம். 1876இல் தொடங்கிய அமெரிக்க வேதியியல் சங்கத்தில், துறையில் வேலை பார்த்த அனுபவசாலிகளே உறுப்பினர்களுக்கு ஆலோசகர்களாக இருக்கிறார்கள். ரெஸ்யூமைப் பார்த்துத் திருத்தம் சொல்வார்கள். இதைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய இழப்பு.

பல்கலைக்கழகத்துக்கு எழுதிய நீளமான சிவியை அப்படியே கம்பெனிக்கும் அனுப்புவது அந்த ஆலோசகர் முதலில் பிடிக்கிற தவறு. கட்டுரைப் பட்டியல் நான்கு பக்கம் ஓடும். என்ன செய்யத் தெரியும் என்பது எங்கோ மூலையில் கிடக்கும். எச்பிஎல்சி என்பது கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் ஆய்வக முறை. வெறுமனே ‘எச்பிஎல்சி தெரியும்’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘மாத்திரையில் உள்ள மாசுகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி முறையை உருவாக்கி, சரிபார்த்து, தரக்கட்டுப்பாட்டுக் குழுவிடம் ஒப்படைத்தேன்’ என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

மாநாட்டில் நடக்கும் வேலைவாய்ப்பு முகாமுக்கு முன்பதிவு செய்யாமல் போய் நிற்பதும் வழக்கம். நேர்காணல் நேரங்கள் பெரும்பாலும் முன்பே நிரம்பிவிடும். வரப்போகும் நிறுவனங்களின் பட்டியல் கிடைத்ததும் எழுதிவிடுங்கள்.

சங்கத்தின் விதிகளைப் படிக்காமல் அவசரப்படுவது இன்னொன்று. போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சிப் பணி) வேலை தருகிறவர்கள் பிப்ரவரி 15க்கு முன் முடிவைக் கேட்டு நெருக்கக் கூடாது என்பது அமெரிக்க வானியல் சங்கத்தின் கொள்கை. இது தெரியாதவர், முதலில் வந்த வாய்ப்பு கைநழுவிவிடுமோ என்று பயந்துபோய் டிசம்பரிலேயே தலையாட்டிவிடுவார். அப்புறம் விரும்பிய இடத்திலிருந்து அழைப்பு வந்தால் சங்கடம்தான்.

இப்போது வேலையில் இருப்பவர்கள் ரெஸ்யூமைப் பதிவேற்றும்போது பெயரை மறைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மேலாளரும் அதே சங்கத்தில் உறுப்பினராக இருக்கலாம்.