தண்டுவடம் அடிபட்டவர்கள் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி

எனக்கு நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. புதிதாக வீல்சேருக்கு வந்தவர்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், நடைப்பயிற்சியைப் பற்றியோ கருவிகளைப் பற்றியோ பேச மாட்டேன். "தினமும் உங்கள் பின்பக்கத்தைப் பார்க்கிறீர்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

உணர்ச்சி உள்ளவர்கள் நாற்காலியில் சும்மா இருப்பதே இல்லை. கவனித்துப் பாருங்கள், தங்களை அறியாமலே அசைந்துகொண்டே இருப்பார்கள். நமக்கு அந்தத் தூண்டல் மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவில் மாட்டிய சதைக்கு ரத்தம் போகாமல், ஆழத்தில் அது சாகத் தொடங்கிய பிறகும் மேல்தோலில் ஒரு சின்ன நிறமாற்றம்தான் தெரியும். அதனால் வலி செய்ய வேண்டிய வேலையைக் கண்ணும் கையும் கடிகாரமும்தான் செய்ய வேண்டும்.

காலையில் உடை மாற்றும் முன்பும் இரவு படுக்கும் முன்பும் தோலைப் பார்த்துவிடுங்கள். நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடி கிடைக்கிறது. எனக்கு அதில் இடம் வலம் குழம்பும் என்பதால் செல்போனில் படம் எடுத்துவிடுவேன். ஒரே விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் நேற்றைய படத்தோடு ஒப்பிடலாம். வால் எலும்பு, உட்காரும்போது பாரம் தாங்கும் இரண்டு எலும்புகள், இடுப்பின் இரு பக்க மேடுகள், கணுக்கால், குதிகால் என்று ஒரே வரிசையில் போனால் எதுவும் விட்டுப்போகாது. ஆண்கள் விதைப்பைக்கு அடியிலும் பாருங்கள், சிறுநீர் வெளியேற்றும் கதீட்டர் குழாய் அங்கேதான் சிக்கிக்கொள்ளும்.

'சிவந்திருக்கிறதா பார்' என்பார்கள். கருத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. ஊதாவாகவோ சுற்றியுள்ள தோலைவிடக் கருப்பாகவோ இருக்கும். அதனால் தொட்டும் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா, கெட்டித்துப் போயிருக்கிறதா, கொழகொழவென்று அமுங்குகிறதா என்று புறங்கையாலும் விரலாலும் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பவும் சிவந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். வெளுக்கவே இல்லை, அல்லது அந்த இடத்தில் பாரம் படாமல் அரை மணி நேரம் இருந்தும் நிறம் மாறவில்லை என்றால் புண்ணின் முதல் கட்டம் தொடங்கிவிட்டது. மறைகிறவரை அந்த இடத்தின் மேல் உட்காரவோ படுக்கவோ கூடாது. வேலை இருக்கிறது, கல்யாணம் இருக்கிறது என்பதெல்லாம் செல்லாது. ஒன்றிரண்டு நாளில் மறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டாம், அடிபட்ட திசு இன்னும் நசுங்கும்.

அடுத்தது, உட்காரும் இடத்தில் விழும் பாரத்தைக் குறைப்பது. 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். பலரும் இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்குவார்கள். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் சதைக்குள் ரத்தம் முழுதாகத் திரும்ப இரண்டு நிமிடம் வரை ஆகும். அவ்வளவு நேரம் யார் தூக்கிக்கொண்டிருப்பது? தோள்பட்டைதான் தேயும், நமக்கோ அதுதான் காலும். என் வழி, குனிவது. பிரேக்கைப் போட்டு, பாதம் பலகையில் பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நெஞ்சு தொடையில் படும்படி முன்னால் சாய்ந்து இரண்டு நிமிடம் இருப்பேன். செருப்பைச் சரிசெய்கிறேன் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். விழுந்துவிடுவோம் என்ற பயம் இருந்தால் மேசைமேல் கையை ஊன்றிச் சாயலாம், அல்லது ஒரு கையை நாற்காலியின் பின்கைப்பிடியில் கோத்துக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் சாயலாம். கைக்கும் பலம் இல்லாதவர்களுக்கு, இருக்கையோடு சேர்ந்து பின்னால் சாயும் நாற்காலி வேண்டும். நினைவுபடுத்த போனில் அதிரும் அலாரம் போதும்.

காற்றுக் குஷன் என்றால் தினமும் காற்றைச் சோதியுங்கள். உட்கார்ந்தபடி அடியில் கையை விட்டால், பாரம் தாங்கும் எலும்புக்கும் குஷனின் அடிப்பகுதிக்கும் நடுவில் ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். காற்றை அதிகமாக அடைப்பதும் கெடுதல்தான். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையை அன்போடு வாங்கித் தருவார்கள். வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள், அது விளிம்பைச் சுற்றி ரத்தத்தைத் தடுக்கும்.

படுக்கையில் வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். தோல் தாங்குகிறது என்று தெரிந்தபின் மருத்துவரைக் கேட்டு இடைவெளியைக் கூட்டலாம். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பு மேட்டில் பாரம் விழும், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்ந்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். தலைப்பக்கத்தை உயர்த்திக்கொண்டு வெகுநேரம் இருந்தால் உடம்பு மெல்லச் சறுக்கும், தோல் ஒட்டிக்கொண்டு நிற்க உள்ளே சதை இழுபடும். இடம் மாறும்போது இழுபடுவதும் அப்படித்தான்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். ஜீன்ஸின் தடித்த தையல், பின் பாக்கெட்டில் பர்ஸ், புது ஷூ. மடியில் லேப்டாப்பும் சூடான கோப்பையும் வேண்டவே வேண்டாம். ஈரம் பட்டால் உடனே மாற்றுங்கள். புரதம் குறையாமல் சாப்பிடுங்கள், சிகரெட்டை விடுங்கள்.

தோல் பிரிந்தாலோ, கொப்புளம், நாற்றம், சீழ், காய்ச்சல் எது வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். காரணமில்லாமல் காலில் இறுக்கமும் துடிப்பும் கூடினாலும் தோலைத்தான் முதலில் பாருங்கள். டி6 கணுவிலோ (நெஞ்சுப் பகுதி முதுகெலும்பின் ஆறாவது கணு) அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குப் புண்ணே ரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடலாம். மண்டையைப் பிளக்கும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், கதீட்டர் அடைத்திருக்கிறதா பாருங்கள். அடங்காவிட்டால் அவசர சிகிச்சைதான்.

புண் ஆறியபின் மருத்துவர் சம்மதித்தாலும் ஒரேயடியாக நாள் முழுக்க உட்காராதீர்கள். ஆறிய இடத்துக்குப் பழைய பலம் முழுதாக வராது. முதலில் 15 நிமிடம் உட்கார்ந்து, இறங்கி, தோலைப் பாருங்கள். நிறம் அரை மணிக்குள் திரும்பினால் அடுத்த முறை கொஞ்சம் கூட்டலாம்.