கூலன்ட் ஃபிட்டிங் மரை அளவு: ஸ்பேனரைத் தொடும் முன்பே நடக்கும் தவறுகள்

என் பழைய ஜப்பானிய எஞ்சின் காரில் தனியாக ஒரு டெம்பரேச்சர் கேஜ் மாட்டலாம் என்று சென்சார் வாங்கினேன். பெட்டியில் 1/8 என்று போட்டிருந்தது. கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், போகும் தெர்மோஸ்டாட் ஹவுசிங் என்ற அலுமினியக் கூட்டில் இருந்த பிளக்கும் 1/8 தான். சென்சாரைக் கையால் திருகினேன், ஒன்றரை சுற்றில் நின்றுவிட்டது. நன்றாக இறுக்கமாக உட்காருகிறது என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டு முக்கால் சுற்று திருப்பினேன். கழற்றிப் பார்த்தபோது சென்சாரின் பித்தளை மரையில் அலுமினியம் வெள்ளிச் சுருளாகச் சுற்றிக்கொண்டு வந்தது. சென்சார் என்.பி.டி. என்ற அமெரிக்க மரை, துளை பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் மரை. 1/8 என்ற பெயர் இரண்டுக்கும் பொது, ஆனால் ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பொருந்தாது.

முதல் தவறு பெயரிலேயே தொடங்குகிறது. கம்பிக் கடையில் ஒரு நூல் என்றால் 1/8 இஞ்சு, அதாவது 3 மில்லிக்குச் சற்று அதிகம். குழாய் மரையில் 1/8 என்றால் மரையின் வெளி விட்டமே சுமார் 10 மில்லி! 1/4 என்றால் 13 மில்லிக்கு மேல், 1/2 என்றால் 21 மில்லியை ஒட்டி வரும். அந்தக் காலத்து இரும்புக் குழாயின் உள் துளையை வைத்து வந்த பெயர் இது. வெர்னியர் அளவுகோலில் 13 மில்லி வந்ததும் "அப்போ அரை இஞ்சு" என்று வாங்கி வருபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அதிகம் குழப்புவது இந்த 10 மில்லிதான். 1/8 பி.எஸ்.பி. 9.73 மில்லி, இஞ்சுக்கு 28 மரை. 1/8 என்.பி.டி. 10.29 மில்லி, இஞ்சுக்கு 27 மரை. எம்10×1 என்ற மெட்ரிக் மரை 10 மில்லி, ஒரு மில்லிக்கு ஒரு மரை. மூன்றும் எஞ்சின் பக்கம் சகஜமாக வருபவை. என்.பி.டி. முனைப்பக்கம் மெலிந்து போவதால் அதன் நுனியை மட்டும் அளந்தால் 10 மில்லி காட்டும், எம்10 என்று முடிவு கட்டிவிடுவோம். அதனால் நுனியில் ஒரு முறையும் அடியில் ஒரு முறையும் அளக்க வேண்டும். இப்படி மெலிந்து போகும் மரைக்கு டேப்பர் மரை என்று பெயர். என்.பி.டி. ஆனாலும் பி.எஸ்.பி. டேப்பர் ஆனாலும் சரிவு 16-க்கு 1. அதாவது 8 மில்லி தள்ளி அளந்தால் விட்டம் அரை மில்லி கூடியிருக்கும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு என்றால் அது நேர் மரை.

மரைகளின் இடைவெளியைப் பார்க்கும் பல் தகடான பிட்ச் கேஜ் இருந்தாலும் 27-க்கும் 28-க்கும் கண் ஏமாறும். கேஜ் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது, தெரிந்த உருப்படி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்பதுதான். பல கார்களின் பிரேக் பைப் முனையில் இருக்கும் நட் எம்10×1. நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அரை இஞ்சு தண்ணீர்க் குழாய் நிப்பிள் பி.எஸ்.பி. சந்தேகப்படும் ஃபிட்டிங்கையும் தெரிந்த உருப்படியையும் மரைக்குள் மரை பொருந்தும்படி பக்கவாட்டில் ஒட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சரியான ஜோடி என்றால் பல் கடித்தாற்போல் உட்காரும். தவறான ஜோடி முதல் இரண்டு மூன்று மரையில் பொருந்தி, போகப் போக விலகி, இடையில் வெளிச்சம் தெரியும்.

இந்தச் சோதனையும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் என்.பி.டி., பி.எஸ்.பி. இரண்டுக்குமே இஞ்சுக்கு 14 மரைதான். வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது, கையால் திருகினாலும் சில சுற்று சுகமாக ஏறும். வித்தியாசம் மரையின் கோணத்தில் இருக்கிறது: என்.பி.டி. 60 டிகிரி, பி.எஸ்.பி. 55 டிகிரி. அரை இஞ்சில் விட்டமும் 21.34, 20.96 மில்லி என்று வேறுபடும். கசிவை அடைக்கும் வெள்ளை டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும், மரையோடு சுழன்று வரும் அந்தச் சின்ன இடைவெளி முழுதாக அடைபடாது. எஞ்சின் சூடாகி, ரேடியேட்டர் மூடிக்குள் ஒரு பார் அளவுக்கு அழுத்தம் ஏறும்போது பச்சைக் கூலன்ட் முத்து முத்தாகக் கசியும். அமெரிக்க வி8 எஞ்சினின் ஹீட்டர் ஹோஸ் ஃபிட்டிங்குக்குத் தண்ணீர்க் குழாய் நிப்பிளை மாட்டினால் இதுதான் நடக்கும்.

வண்டி எந்த நாட்டு வடிவமைப்பு என்பது நல்ல தடயம். பழைய அமெரிக்க எஞ்சின் என்றால் என்.பி.டி. ஜப்பானிய எஞ்சினில் குழாய் மரை என்றால் பெரும்பாலும் பி.எஸ்.பி. டேப்பர்; அதை பி.டி. அல்லது ஆர் என்று எழுதியிருப்பார்கள். ஐரோப்பிய எஞ்சின்களிலும் புதிய எஞ்சின்களிலும் எம்12×1.5 போன்ற மெட்ரிக் அதிகம். ஆனால் தடயத்தை மட்டும் நம்பக் கூடாது. முன்பு யாராவது துளையில் மரை வெட்டும் கருவியைப் போட்டு மரையை மாற்றியிருக்கலாம்.

ஹோஸ் அளவையும் மரை அளவையும் ஒன்றாக நினைப்பதும் உண்டு. 5/8 ஹோஸ் என்றால் உள் விட்டம் 16 மில்லி, அவ்வளவுதான். அந்த ஃபிட்டிங்கின் மறுபக்கம் 1/2 மரையும் இருக்கலாம், 3/8 மரையும் இருக்கலாம். கடையில் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள்.

மாட்டும்போது கைதான் நல்ல அளவுகோல். எஞ்சின் ஆறிய பிறகு மரையில் ஒட்டிய பழைய டேப்பையும் உப்பையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் சரியான ஃபிட்டிங் கூட ஏறாது. சரியான டேப்பர் மரை, டேப் சுற்றாமல், வெறும் கையால் ஏறத்தாழ நான்கு சுற்று போகும். ஒன்றரை சுற்றில் நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். கடைசி வரை லொடலொடவென்று போனால் அதுவும் தவறான மரைதான். டேப்பர் மரை ஆப்பு மாதிரி வேலை செய்கிறது, அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினிய ஹவுசிங் விரியும்.

நேர் மரைக்கு டேப் சுற்றுவது வீண். அங்கே அடைப்பது மரை அல்ல, அடியில் இருக்கும் வாஷரோ ஓ-ரிங்கோதான். டேப்பர் மரைக்கு இரண்டு மூன்று சுற்று போதும், முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிய்ந்த துண்டு ஹீட்டர் கோருக்குள், அதாவது காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டருக்குள், போனால் எடுப்பது பெரிய வேலை.

ஒற்றை வயர் சென்சார் என்றால் இன்னும் கவனம். அதற்கு எர்த் கிடைப்பதே மரை வழியாகத்தான். டேப் கனமாக இருந்தால் எர்த் சரியாகக் கிடைக்காமல், எஞ்சின் கொதிக்கும்போதும் முள் கீழேயே நிற்கும். மாட்டி முடித்ததும் மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைச் சென்சாரின் பித்தளை உடம்பிலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். ஓம்ஸ் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்டினால் கூலன்டை ஊற்றலாம்.