தாய்ச்சி நிஜச் சண்டையில் கை கொடுக்குமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் மூக்கனேரிக் கரைக்கு ஞாயிறு காலையில் தாய்ச்சி என்ற, மெதுவாக அசைந்து செய்யும் சீனத் தற்காப்புக் கலையைப் பழக வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முட்டிவலி, மீதிப் பேருக்குத் தூக்கமின்மை. வயதானவர்கள் தடுமாறி விழுவதைத் தாய்ச்சி குறைக்கிறது என்பதில் மருத்துவர்களுக்கே சந்தேகமில்லை. அவர்களுக்கு இந்தக் கட்டுரை வேண்டாம். நடுவில் நாலைந்து இளவட்டங்களும் வருவார்கள். கொஞ்ச நாள் பழகிவிட்டு, யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "மாஸ்டர், இது நெஜ சண்டைல வேலைக்கு ஆவுமா?"

ஆகும். ஆனால் பெரும்பாலானவர்கள் பழகுகிற விதத்தில் ஆகாது. எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று பார்த்தால், அந்த வயதில் நானும் என் கூட்டாளிகளும் விட்ட அதே இடங்கள்தான். முட்டியை உள்ளே மடக்காதே, தோளைத் தூக்காதே, சாப்பிட்ட கையோடு பழகாதே என்பதையெல்லாம் எந்த மாஸ்டரும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார். அதை விட்டுவிடுகிறேன்.

ஒத்துப்போகிற கூட்டாளி

தாய்ச்சியில் புஷ் ஹேண்ட்ஸ் என்று ஒரு பயிற்சி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மணிக்கட்டோடு மணிக்கட்டைச் சேர்த்து வட்டமாகச் சுற்றுவார்கள். ஒருவர் தள்ளுவார், மற்றவர் முட்டி மோதாமல் இடம் கொடுத்து, அந்த விசை எந்தப் பக்கம் போகிறது என்று தோலால் உணர்ந்து திருப்பிவிடுவார். எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் கையாலேயே தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பயிற்சி குறைவு.

கோளாறு மரியாதையில் தொடங்குகிறது. மாஸ்டர் செய்துகாட்டும்போது லேசாகத் தள்ளுகிறார். சீடன் இரண்டடி பின்னால் போகிறான். அவர் முன்னால் விறைத்துக்கொண்டு நிற்பது அவனுக்குக் கூச்சம். அடுத்த மாதம் நாலடி. வருடம் திரும்புவதற்குள் மாஸ்டர் விரல் பட்டாலே துள்ளிக் குதித்துச் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறான். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. தன் கையில் சக்தி இறங்கியிருக்கிறது என்று மாஸ்டர் நிஜமாகவே நம்புகிறார், தன்னைத் தூக்கி எறிந்தார் என்று சீடனும் நிஜமாகவே நம்புகிறான். வாத்தியார் எதிரே கை கட்டி நிற்கச் சொல்லி வளர்க்கும் நம் ஊரில் இந்த நோய் இன்னும் சீக்கிரம் தொற்றும்.

வேறொரு கிளாஸில் பல வருடம் பழகிவிட்டு ஒரு தம்பி எங்களிடம் வந்தார். 'ஒற்றைச் சாட்டை' என்ற தாய்ச்சி நிலையில் நின்றால் கண்ணை எடுக்க முடியாது. இடுப்பு இறங்கி, முதுகு நேராக, கொக்குபோல் குவித்த விரல்கள் கொஞ்சமும் நடுங்காமல் நிற்கும். "அங்க ஒருத்தராலயும் என்னை அசைக்க முடியாது மாஸ்டர்" என்றார். அவர் அளந்து விடவில்லை, அங்கே நடந்ததைத்தான் சொன்னார்.

அன்றைக்குக் கரையில் ரன்னிங் முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு கண்ணங்குறிச்சிப் பையனைக் கூப்பிட்டேன். ஊர் டீமில் கபடி ஆடுகிறவன். "இந்த அண்ணன எடத்த விட்டு நகத்திப் பாரு. அடிக்கக் கூடாது" என்றேன், அவ்வளவுதான். தம்பி கையை வட்டமாக நீட்டி, மணிக்கட்டு வந்து சேரும் என்று காத்திருந்தார். பையன் இடதுபுறம் ஒரு பாவ்லா காட்டினான், குனிந்தான், வலது கணுக்காலையும் முட்டியையும் சேர்த்துக் கட்டித் தூக்கினான். அடுத்த நொடி தம்பி செம்மண்ணில் உட்கார்ந்திருந்தார். கை மட்டும் இன்னும் வட்டத்தைக் கலைக்கவில்லை. பையனுக்குத்தான் சங்கடம். "சாரிண்ணா, பலமா இழுத்துட்டனா?" என்றான்.

இதுவரைக்கும் பரவாயில்லை, விழாமல் யாரும் கற்றதில்லை. பின்பக்க மண்ணைத் தட்டிக்கொண்டே தம்பி சொன்ன வார்த்தையை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது: "அவரு என் கையத் தொடவே இல்லையே மாஸ்டர்!"

ஏன் தொடணும்? உங்கள் மேல் கோபமாக வருகிறவன் எதற்கு மணிக்கட்டை நீட்டித் தரவேண்டும்? தாய்ச்சி நுட்பங்கள் அநேகமாக எல்லாமே எதிராளியைத் தொட்ட பிறகு வேலை செய்பவை. அதற்கு முன்னால், குத்து வந்து விழுகிற தூரம் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கடந்து உள்ளே போக அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கிணற்று மேட்டில் நின்றே நீச்சல் பழகியிருக்கிறார். ஃபீஸ் போனால் போகிறது, இருபதிலிருந்து முப்பதுக்குள் இருக்கிற வருடங்களை யார் திருப்பித் தருவது?

முதல் மாதத்திலிருந்தே கூட்டாளியிடம் சொல்லிவிடுங்கள்: "நான் தள்ளினா நீயா போகாத. நெஜமாவே நிலை தவறினா மட்டும் காலை எடு." அப்படிப் பத்துத் தடவை தள்ளி ஒன்பதில் தோற்றால் நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள். அது பழகியதும் காலை நகர்த்தலாம், பிடிக்கலாம், இழுக்கலாம் என்று விதியைத் தளர்த்துங்கள். சீனாவில் நடக்கும் புஷ் ஹேண்ட்ஸ் போட்டிகளைப் பார்த்தால் முக்கால்வாசி மல்யுத்தம்தான், சட்டை முறுக்கிக்கொள்ளும், பார்க்க அழகாகவே இருக்காது. பிறகு கூட்டாளி கிளவுஸ் மாட்டிக்கொண்டு லேசாகக் குத்தட்டும், நீங்கள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஒட்டப் பாருங்கள். முகத்துக்கு முன்னால் கையை உயர்த்திக் கார்டு வைப்பதும் கால் நகர்த்துவதும் வராவிட்டால் கொஞ்ச காலம் ஒரு பாக்ஸிங் கிளாஸில் சேருங்கள். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

இவ்வளவு அடிபட்ட பிறகும் மிஞ்சுகிற தாய்ச்சி உண்டு. வருகிற கையை வந்த திசையிலேயே இழுத்துவிடுவது, மணிக்கட்டைச் சட்டென்று கீழே வெட்டி இழுத்துத் தலையைக் குனியவைப்பது, நெஞ்சோடு நெஞ்சு நெருங்கியதும் தோளால் இடிப்பது. மல்யுத்தக்காரர்களும் இதையெல்லாம் வேறு பெயரில் செய்கிறார்கள். நம் ஊர்த் தகராறு பெரும்பாலும் சட்டைக் காலரைப் பிடித்துத் தள்ளுவதில்தான் ஆரம்பிக்கும். ஒழுங்காகப் புஷ் ஹேண்ட்ஸ் பழகியவனைக் காலரைப் பிடித்துச் சாய்ப்பது லேசில்லை.

மெதுவாகச் செய்வதுதான் குறை என்று நினைப்பது

பார்க்குகளில் பழகும் 24 அசைவு வரிசை, 1956இல் சீன விளையாட்டுத் துறை பொதுமக்களின் ஆரோக்கியத்துக்காக யாங் என்ற தாய்ச்சிப் பாணியிலிருந்து சுருக்கித் தொகுத்தது. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். அதனிடம் போய் அடிதடி கேட்பது கேட்பவர் தப்பு. வேகம்தான் வேண்டுமென்றால் சென் என்ற இன்னொரு தாய்ச்சிப் பாணியின் இரண்டாவது வரிசையில் தாவலும் உண்டு, தரை அதிர மிதிப்பதும் உண்டு. அதையும் எதிரே ஆளில்லாமல் காற்றில் மட்டும் பழகினால் அந்தக் கபடிப் பையன் காலைத்தான் தூக்குவான்.

பழம்பெருமையைக் கவசமாக மாட்டிக்கொள்வது

19ஆம் நூற்றாண்டில் யாங் பாணியைத் தொடங்கிய யாங் லூசான், சென் கிராமத்தில் கற்ற வித்தையோடு பெய்ஜிங் போய் 'வெல்ல முடியாத யாங்' என்று பெயர் வாங்கியதாகச் சொல்வார்கள். வாங்கட்டும். அவர் தோளில் ஏறி நீங்கள் சண்டைக்குப் போக முடியாது.

படம் பிடித்து வைத்த சண்டையே இருக்கிறது. 1954 ஜனவரியில் மக்காவில், ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் வூ பாணித் தாய்ச்சியின் வூ குங்யீயும் வெள்ளைக் கொக்கு என்ற குங்ஃபூ பாணியின் சான் ஹாக்ஃபூவும் மேடை ஏறினார்கள். இரண்டாவது சுற்றிலேயே நிறுத்திவிட்டார்கள், யாரையும் வென்றவராக அறிவிக்கவில்லை. தாய்ச்சிக்காரர் ஐம்பதைத் தாண்டியவர், எதிராளி அவரைவிட நன்றாக இளையவர். அப்படியிருந்தும் நின்றார், மூக்கில் ரத்தம் வரும்படி அடிக்கவும் செய்தார். ஆனால் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் தாய்ச்சி வரிசையில் வரும் மேகக்கை அசைவு எங்கே, ஒற்றைச் சாட்டை எங்கே என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். இரண்டு பேரும் கையைச் சுழற்றிச் சுழற்றி மொத்திக்கொள்கிறார்கள்.

2017இல் சீனாவின் செங்டூவில் எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) பயிற்சியாளர் சூ சியாவ்தோங், வெய் லெய் என்ற தாய்ச்சி மாஸ்டரைச் சில நொடிகளில் தரையில் சாய்த்தார். 2020இல் தன்னைத் தாய்ச்சி மாஸ்டர் என்று சொல்லிக்கொண்ட மா பாவ்குவோ, ஐம்பது வயது அமெச்சூர் ஒருவரிடம் அரை நிமிடத்தில் மூன்று முறை விழுந்தார். அந்த வீடியோக்களைக் காட்டி "தாய்ச்சியே டுபாக்கூர்" என்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. விழுந்த அந்த இரண்டு மாஸ்டர்களும் எதிர்த்து நிற்கிற ஆளோடு பழகிய மாதிரி எனக்குத் தெரியவில்லை, கேமராவில் அதுதான் விழுந்தது.

'சி' சக்தியைத் தேடுவது

உடம்புக்குள் ஓடுவதாகச் சொல்லப்படும் உயிர்ச்சக்திதான் 'சி'. தேடுங்கள். ஸ்பேரிங் நாளில், அதாவது எதிரே ஆளை வைத்து மோதிப் பழகுகிற நாளில் மட்டும் வேண்டாம்.

தரை

கீழே விழுந்த பிறகு தாய்ச்சியிடம் பெரிதாகப் பதிலில்லை. ஜூடோ தெரிந்த யாரிடமாவது விழப் பழகிக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் ரீல்ஸ்

பகோடா பாயிண்டில் வெள்ளைப் பட்டுச் சட்டையோடு எடுத்தால் அமர்க்களமாக இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போனதற்காகக் கை வலுத்துவிடாது.

பஸ் ஸ்டாண்டில் டெஸ்ட் வைப்பது

கற்றது பலிக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றே வம்பை விலைக்கு வாங்குகிற ஆட்கள் உண்டு. டவுன் பஸ்ஸில் இடித்தவனிடம், டாஸ்மாக் வாசலில் முறைத்தவனிடம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் தற்காப்பு உரிமையை 34 முதல் 44 வரையான பிரிவுகள் சொல்கின்றன. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகக் காயப்படுத்தினால் அந்த உரிமை உங்களைக் காப்பாற்றாது. சண்டையை நீங்களே தேடிப் போயிருந்தால் ஸ்டேஷனில் உங்கள் பேச்சு எடுபடுவதும் கஷ்டம். எதிராளியின் கூட்டாளிகள் எத்தனை பேர், இடுப்பில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான் தெரியவரும்.

சாமான் இல்லாமல் ஆரம்பிப்பது

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே மொட்டைமாடியில் வெறுங்கையோடு மொத்திக்கொள்ளப் போகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். ஸ்பேரிங்குக்குக் குறைந்தது 14 அவுன்ஸ் கிளவுஸ், ஆண்களுக்கு ஒரு அப்டமன் கார்டு, பல்லுக்கு ஒரு கார்டு. பல் கார்டில் வெந்நீரில் போட்டு எடுத்துக் கடித்தால் பல்வரிசைக்கு ஏற்ப அமைந்துகொள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். தலையில் அடிபட்டுக் கிறுகிறுத்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், "ஒண்ணுமில்ல மாஸ்டர்" என்று அடுத்த ரவுண்டுக்கு வந்து நிற்காதீர்கள். சாமான் வந்து சேரும்வரை கிளவுஸ் தேவைப்படாத, தள்ளுவதும் இழுப்பதுமான பயிற்சியைச் செய்யலாம். தரை மட்டும் மண்ணாக இருக்கட்டும், சிமெண்ட் வேண்டாம்.