ஸ்டவுட்டை ருசி பார்த்துக் குறிப்பெழுத

நுவரெலியாக் குளிரில் ஸ்டவுட் எனும் கரும் பியருக்கு ஐஸ் எதற்கு? 10 முதல் 13 பாகை செல்சியஸ் போதும். அதைவிடக் குளிர்ந்தால் நாக்கு மரத்து, வறுத்த கோப்பி வாசனையும் கித்துள் கருப்பட்டி இனிப்பும் அடங்கிவிடும்.

கிளாஸில் எண்ணெயோ சவர்க்காரமோ ஒட்டியிருந்தால் நுரை உடனே வடிந்துவிடும். பழியைப் பியர்மேல் போடாதீர்கள். சாய்த்துப் பிடித்து 100 மில்லிலீற்றர் ஊற்றி, முதலில் மணந்து பாருங்கள். ஈர அட்டை வாசனையா? ஒட்சிசன் பட்டுப் பழசாகிவிட்டது. பட்டர் வாசனை என்றால் டயசெற்றில், நொதித்தலின்போது உண்டாகும் ஒரு சேர்மம். நொதித்தல் முழுமையாகும் முன்பே ஈஸ்டைப் பிரித்தால் அது எஞ்சிவிடும்.

சிறு மிடறாக விழுங்குங்கள். துப்பினால் பின்கசப்பை முழுதாக அறிய முடியாது. லயன் ஸ்டவுட்டில் மதுசாரம் 8.8 சதவீதம், மூன்று மிடறே தாராளம்.

முன்னதாகப் பிளேன்டீ வேண்டாம், அதன் துவர்ப்பு நாக்கில் நிற்கும். இடையிடையே தண்ணீரும் வெறும் பாண் துண்டும் போதும். "நல்லா இருக்கு" என்பது குறிப்பாகாது. எதன் வாசனை, எப்போது கசந்தது என்று எழுதுங்கள்.