பேராதனைக்குப் போகும்போது ஒரு கொப்பும் கொண்டுபோங்கள்

மட்டக்களப்பிலிருந்து பேராதனைப் பூங்காவுக்குப் போனால் ஓர்க்கிட் வீடு, தொங்குபாலம், புல்வெளியில் சோற்றுப் பார்சல் என்று பயணம் முடிந்துவிடும். ஆனால் மகாவலி மூன்று பக்கமும் வளைந்தோடும் அந்த 147 ஏக்கர், 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கிய ஆய்வுத் தோட்டம். உலர்த்திய தாவரங்களைப் பாதுகாக்கும் தேசிய ஹேர்பேரியம் அதன் வளவுக்குள்தான் இருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் பெயர் தெரியாத செடி கண்டால் விசாரிக்க வேண்டிய இடம் அதுதான்.

தனி இலையை வைத்து இனம் சொல்வது கடினம். பூவோ காயோ உள்ள, ஒரு முழம் தாண்டாத கொப்பாக வெட்டுங்கள். இலைகள் தண்டில் எதிரெதிரே வருகின்றனவா, மாறி மாறி வருகின்றனவா என்று தெரிய வேண்டும். பழைய பத்திரிகைத் தாளுக்குள் விரித்து, ஓரிரு இலைகளின் அடிப்புறம் தெரியத் திருப்பி, இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கிக் கட்டுங்கள். தாளை நாளுக்கொரு தடவை மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கண்டல் போன்ற தடித்த இலைக்கு நாள் கூடும். தில்லை மரத்தைத் தொடுவதென்றால் கவனம், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பொலித்தீன் பையில் பச்சையாகக் கொண்டுபோனால் கண்டி போய்ச் சேருமுன் அவிந்துவிடும்.

பூவின் நிறம், மணம், மரத்தின் உயரம், இடம், திகதி எல்லாவற்றையும் வெட்டிய அன்றே எழுதுங்கள். காய்ந்தபின் நிறம் போய்விடும். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் எதையும் வெட்டக் கூடாது.

ஹேர்பேரியத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, வேலைநாளில் போங்கள். மகியங்கனை வழி பஸ் என்றால் 18 வளைவு மலைப்பாதையில் பலருக்குச் சத்தி வரும்; வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். முதல் நாளே கண்டியில் தங்கினால் மறுநாள் காலை வெயில் ஏறுமுன் உள்ளே நுழையலாம். பின்நேரம் மழை வரலாம், குடை அவசியம்.

உள்ளே மரங்களில் உள்ள பெயர்ப்பலகையையும் மரத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். நேரம் குறைவென்றால் ராட்சத மூங்கிலையும் இரட்டைத் தேங்காயையும் விடாதீர்கள். சீஷெல்ஸ் தீவுகளிலிருந்து வந்த இரட்டைத் தேங்காய் பெயரில்தான் தேங்காய். விசிறி ஓலையைப் பார்த்தால் பனைக்குச் சொந்தம் என்று நம்மவர்களுக்கு உடனே விளங்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்பதும் பனையைப் போலவே. காய் முற்றத்தான் 6, 7 வருடம் எடுக்கும்.