கடைசிச் சரணத்தில் பிசகிய உதடுகள்

பிள்ளைகள் தாங்களே எழுதிப் பதிவு செய்த மழைப்பாட்டுக்கு வீடியோ எடுத்தோம். ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டு, கைபேசியில் ஒவ்வொரு முறையும் முழுப் பாட்டும் ஒரே ஓட்டமாக. தொகுக்கும்போது தொடக்கத்தில் வாயசைப்பு கச்சிதம். கடைசிச் சரணத்தில் பாட்டு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம்.

முதலில் புளூடூத் ஸ்பீக்கரைச் சந்தேகித்தேன். ஆனால் அதன் தாமதம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும், போகப்போகக் கூடாது. ஒலித்தடத்தை நகர்த்தினால் முடிவு பொருந்தியது, தொடக்கம் கெட்டது. வேறு எடிட்டிங் மென்பொருளிலும் அதே கதைதான். “மறுபடியும் பாடவா?” என்று சின்னவள் கேட்டபோது எரிச்சல் வந்தது.

மொட்டை மாடி வெயிலில் எடுத்தது ஓரளவு சரியாக இருந்தது. கூடத்தில் எடுத்ததே மோசம். அதுதான் துப்பு. வெளிச்சம் குறைந்தால் பல கைபேசிகள் நொடிக்கு எடுக்கும் பிரேம்களின் (தனித்தனிப் படங்களின்) எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் அதைத் திறந்தேன்: பிரேம் வேகம் ‘வேரியபிள்’, அதாவது மாறிக்கொண்டே இருப்பது. எடிட்டிங் மென்பொருளோ அதைச் சீரான 30 என்று எண்ணி அடுக்கியிருக்கிறது.

இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில், வீடியோ பகுதியில் பிரேம் வேகத்தை 30 ஆக்கினேன். அருகிலேயே ‘பீக்’, ‘கான்ஸ்டன்ட்’ என இரண்டு தெரிவுகள் உண்டு. ‘பீக்’ உச்ச வரம்பு மட்டுமே, அது போதாது; எப்போதும் சீராக வைக்கும் ‘கான்ஸ்டன்ட்’ வேண்டும். மாற்றிய கோப்புகளைப் பழைய தொகுப்பில் திணிக்காமல் புதிதாகத் தொடங்கி அடுக்கினேன். கடைசிச் சொல்வரை உதடு பிசகவில்லை. மறுபடியும் யாரும் பாட வேண்டியிருக்கவில்லை.